என்னத்தத் தின்ன?

இரவு இரண்டேகால் மணி. தலையணை உறை நனைந்திருந்தது. மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் இப்படித்தான் வேர்க்கும் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வழக்கம்போல மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று எழுந்தேன். சுவிட்சு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிற வீடு. சுவரைத் தடவிக்கொண்டே நின்றிருக்கிறேன். சத்தம் கேட்டு விளக்கைப் போட்ட கணவர் என்ன தேடுகிறாய் என்று கேட்டதற்கு, "விடைத்தாள்" என்று பதில் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அவர்தான் என் விரலைக் குத்திப் பார்த்தார். குளுக்கோமீட்டரில் 51.

"என்ன சாப்பிட்ட?" என்றார்.

அவரைக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை, உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கொடுக்கவும் செய்தார். மூன்று டீஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, 78 என்று வந்த பிறகுதான் உட்கார்ந்தார். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் மீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும் அடுத்து வருகிற வாக்கியம் பயத்தில் அவர் வாயிலும் வந்துவிட்டது, அவ்வளவுதான். 240 என்றாலும் அதே கேள்வி, 51 என்றாலும் அதே கேள்வி. சாப்பிடாததால் இறங்கிய எண்ணைப் பார்த்தும் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்க வருகிறது என்றால், அந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாக இருக்க முடியாது.

அந்த இரவுக்குப் பத்து நாள் முன்னால் சர்க்கரை மருத்துவரிடம் போயிருந்தேன். மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்கிற எச்பிஏ1சி பரிசோதனையில் 8.4 வந்திருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். நான் என் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். வெறும் வயிற்றில் 112, 125, 118. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 165, 180. நடுவே சில 60கள், சில 270கள். இந்த எண்களைச் சேர்த்து வகுத்தால் 8.4 வராதே என்று கேட்டேன். அவர் நல்லவர், சிரித்த முகம். "மேடம், லேப் பொய் சொல்லாது. ராத்திரி ஃபிரிட்ஜைத் திறக்கிறது யாருன்னு நமக்குத்தான் தெரியும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாரும் சிரித்தார். காலையும் இரவும் ஒரு மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடு மாத்திரை அன்றிலிருந்து இரண்டிரண்டு மில்லிகிராம் ஆனது.

ராத்திரி ஃபிரிட்ஜைத் திறப்பவள் நான்தான். தண்ணீர் குடிக்கத் திறப்பேன். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷமாக வகுப்பில் நின்று பேசுகிறவளுக்கு வாய் வராத இடங்கள் சில உண்டு. மருத்துவரின் மேசைக்கு எதிரே போட்டிருக்கிற அந்தச் சுழல் ஸ்டூல் அதில் ஒன்று.

என் வயது 46. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். தைராய்டுக் குறைபாடு இரண்டாவது பிரசவத்திலிருந்து இருக்கிறது. ஒற்றைத் தலைவலி கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்தே. சர்க்கரை வந்து ஆறு வருஷம். மூன்று வருஷமாக மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர், ஒரு கோப்பு, ஒரு மருந்துச்சீட்டு. சர்க்கரைக்காரர் தலைவலிச் சீட்டைப் பார்த்ததில்லை. தலைவலிக்காரர் சர்க்கரை நோட்டைக் கேட்டதில்லை. மகப்பேறு மருத்துவர் ஒருமுறை ஸ்கேன் பார்த்து, "நார்க்கட்டி இருக்கு. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, வயசும் ஆயிருச்சு, எடுத்துரலாமே" என்று கருப்பையைப் பற்றிச் சொன்னதோடு, இரும்புச்சத்து மாத்திரையும் ரத்தப்போக்கைக் குறைக்கிற மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவள் திரும்பப் போகவில்லை. விடைத்தாள் திருத்தும் முகாம், நாக் குழு வருகை, மகளின் பன்னிரண்டாம் வகுப்பு. போகாததற்குக் காரணங்கள் எங்களுக்கா இல்லை.

அந்த 8.4க்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டைக் குறைத்தேன். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. நான் திருட்டுத்தனமாகத் தின்கிறவள் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இரவு மூன்று தோசை என்பது ஒன்றரை ஆனது, பிறகு வெள்ளரிக்காயும் மோரும் ஆனது. எல்லோருக்கும் தெரிகிறாற்போல முற்றத்தில் உட்கார்ந்து தின்றேன். மாத்திரை கூடியது, சோறு குறைந்தது. கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நாம் இன்று சாப்பிட்டோமா, நேரத்துக்குச் சாப்பிட்டோமா என்று அது பார்ப்பதில்லை. எனவே மதியம் பன்னிரண்டரைக்கும் நடுராத்திரிக்கும் சர்க்கரை சரிந்தது. சரிந்தபோதெல்லாம் பசி ஒரு மிருகத்தைப்போல வரும். கையில் கிடைத்ததை வாயில் போடுவேன். அடுத்த இரண்டு மணி நேரத்தில் 270. அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விதான் உங்களுக்குத் தெரியுமே.

வகுப்பிலும் அது நடந்தது. மதிய இடைவேளைக்கு முந்தைய வகுப்பு. திருக்குறளில் மருந்து அதிகாரம், தொண்ணூற்றைந்தாவது. மருந்து என்று தலைப்பு வைத்துவிட்டு வள்ளுவர் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார். முன்பு உண்டது செரித்ததா என்று பார், அளவறிந்து உண் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில்தான் மருத்துவன் பக்கம் திரும்புகிறார். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் இம்மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும் என்கிற குறளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்து, "அம்மா, அதையே மூணு தடவ எழுதிட்டீங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன், ஆமாம். ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியிருந்தேன். நாற்காலியில் உட்கார வைத்து யாரோ சாக்லேட் கொடுத்தார்கள். (அந்தக் குறளில் நோயாளி ஆண்பால். இலக்கணத்தில் அது பொதுவாக நிற்கிறது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.)

நீரிழிவு என்கிற சொல்லையும் இந்த நாட்களில்தான் கவனித்தேன். பழைய தமிழில் இழிதல் என்றால் இறங்குதல். மலையிலிருந்து அருவி இழியும், தேரிலிருந்து அரசன் இழிவான். நீர் கட்டுக்கடங்காமல் இறங்குகிற நோய் நீரிழிவு. அந்தப் பொருள் யாருக்கும் இப்போது காதில் விழுவதில்லை. இழிவு மட்டும்தான் விழுகிறது.

51 வந்த இரவுக்குத் திரும்புகிறேன். 78 வந்ததும் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடி 56. இந்த வகை மாத்திரையில் அப்படித்தான். ஒருமுறை தூக்கிவிட்டால் போதாது, மாத்திரை உடம்பில் இருக்கும்வரை மறுபடி இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை. சர்க்கரை மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போனோம். கையில் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றி, பொது வார்டில் படுக்க வைத்தார்கள்.

பணியில் இருந்த மருத்துவருக்கு என் மூத்த மாணவிகளின் வயதுதான் இருக்கும். இரவெல்லாம் கண் விழித்த முகம். என் கோப்பைக் கேட்கவில்லை. கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு, "பீரியட்ஸ் எப்படி வருது மேடம்?" என்றார்.

ஆறு வருஷத்தில் சர்க்கரைக்காக நான் ஏறிய எந்தப் படியிலும் யாரும் கேட்காத கேள்வி. நானும் சொல்லாத பதில். பக்கத்தில் கணவரும் மாமியாரும் நின்றார்கள். "கொஞ்சம் அதிகம்" என்றேன். அவர் அவர்களை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பவும் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை பேடு?" முதல் மூன்று நாளில் ஒன்றரை மணிக்கு ஒன்று. கட்டி கட்டியாகப் போகிறதா? ஆமாம். இரவில் எழுந்து மாற்றுகிறீர்களா? இரண்டு முறை. வகுப்பு நேரத்தில்? வகுப்பு நேரத்தில் நான் இருட்டு நிறப் புடவை கட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரத்தப்போக்குக்காக இல்லை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளிவந்து, பெண்கள் உடலை எழுதலாமா என்று ஊரே பஞ்சாயத்து வைத்தபோது நான் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் எழுத வந்தேன். என் முதல் தொகுப்பில் மாதவிடாய்க் குருதியைப் பற்றி ஏழு கவிதைகள். மேடையில் வாசித்திருக்கிறேன், எழுந்து போனவர்களைப் பார்த்து மேலும் உரக்க வாசித்திருக்கிறேன். ஆனால் எத்தனை பேடு என்று ஒரு மருத்துவரிடம் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. கவிதையில் அது நதியாக, நிலமாக, செம்மண்ணாக இருந்தது. ஒன்றரை மணிக்கு ஒன்று என்று கணக்காக இருக்கவில்லை. நாங்கள் எழுதியது வீண் என்று சொல்லவில்லை. அதை எழுதியதாலேயே மீதியையும் சொல்லியாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பையில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துக் கட்டில்ல வைங்க" என்றார். எட்டு வகை. ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்து, எப்போது போடுகிறேன் என்று கேட்டார். காலை ஆறு மணிக்குத் தைராய்டு, இரும்பு, கால்சியம் மூன்றையும் ஒரே கையில் வைத்துக் காபியோடு விழுங்குவேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயோடு போட்டால் இரும்பு சரியாகச் சேராது. ஆக ஒரு வருஷமாக நான் ஒழுங்காக விழுங்கிய மாத்திரைகளில் பாதியும் உடம்பில் சேர்ந்திருக்காது. பிறகு தலைவலி மாத்திரையை எடுத்துக் காட்டினார். புரோப்ரனலால். தலைவலி வராமல் தடுக்கத் தினமும் போடுவது. சர்க்கரை இறங்கும்போது உடம்பு எச்சரிக்கை கொடுக்குமே, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, அந்த இரண்டையும் இந்த மாத்திரை அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது.

வியர்வை. ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மெனோபாஸ் என்று முடிவுகட்டிய வியர்வை. நாற்பத்தைந்தைக் கடந்த பெண்ணுக்கு எது வந்தாலும் அந்த ஒரு பெயரைச் சூட்டுவதில் ஆண்களைவிட நாங்கள் சளைத்தவர்கள் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு அந்த மருத்துவர் 8.4ஐப் பற்றிச் சொன்னதை நான் பிறகு தேடிப் படித்தும் உறுதிப்படுத்திக்கொண்டேன். எச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்கிற கணக்கு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதனால்தான் மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. இரும்புச்சத்து இல்லாமல் புதிய அணுக்கள் உருவாவது குறைந்தால், சர்க்கரை நிறைய ஒட்டிய பழைய அணுக்களின் பங்கு கூடிவிடுகிறது, அது ஒரு காரணம். எப்படியானாலும், இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனையைச் சர்க்கரை நோயைக் கண்டறியவும் பயன்படுத்தலாம் என்று ஏற்றபோதே, அளவீட்டைக் கெடுக்கிற வேறு நிலைமைகள் இல்லாதவரை என்று நிபந்தனை போட்டிருக்கிறது.

நிபந்தனையை நம் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டுக்கு மேல். சர்க்கரை நோயாளிகள் நாட்டில் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. இந்த இரண்டு கூட்டங்களும் சந்திக்கிற இடத்தில் எத்தனை பெண்கள் நிற்பார்கள்? அவர்களில் எத்தனை பேரைப் பார்த்து ராத்திரி ஃபிரிட்ஜைத் திறப்பது யார் என்று கேட்டிருப்பார்கள்? லேப் பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் ரத்தம் வற்றிக்கொண்டிருப்பதைத்தான் அதற்குத் தெரிந்த ஒரே மொழியில் அது சொல்லியிருக்கிறது.

ஹீமோகுளோபினைச் சாராத ஃபிரக்டோசமைன் என்ற பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். கடைசி இரண்டு மூன்று வாரச் சர்க்கரையை அது சொல்லும். அந்த முடிவு என் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் நின்றது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷத்தை முனைவர் பட்டம் வாங்கிய நாளோடுதான் ஒப்பிட முடியும். கிளிமிபிரைடை நிறுத்தினார்கள். நரம்பு வழியாக ஐந்து தவணையில் இரும்புச்சத்து ஏற்றினார்கள். தலைவலி மருத்துவரிடம் போய்ப் புரோப்ரனலாலைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாறினேன் (அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது). கருப்பையை எடுக்காமல், ஹார்மோன் சுரக்கிற வளையம் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அந்த இளம் மருத்துவர் ஒன்று சொன்னார்: "இரும்பு ஏறும்போது புது அணு நிறைய வரும். அடுத்த மூணு மாசச் சராசரி உள்ளதைவிடக் குறைவாக் காட்டும். அதையும் நம்பிடாதீங்க மேடம்."

அப்படியே 6.3 வந்தது. மாமியார் சிரித்த முகத்தோடு, "இப்பத்தான் வாயக் கட்டியிருக்கா" என்றார்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. 2004இல் நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன், வார இறுதிகளில் வீட்டுக்கு வருவேன். வீட்டில் படித்தவள் என்பதால் அம்மாவின் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நான்தான் கண்காணிப்பாளர். கிளிபென்கிளமைடு என்கிற சின்ன மாத்திரை. கிளிமிபிரைடின் மூத்த அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட நேரம் வேலை செய்வது, சர்க்கரையை அதைவிட அதிகமாகக் கீழே தள்ளக்கூடியது. டாக்டர் விடாமல் போடச் சொன்னதால் அம்மா விடாமல் போட்டாள். வெள்ளிக்கிழமை விரதம் கல்யாணமான நாளிலிருந்து இருந்ததால் அதையும் விடாமல் இருந்தாள். மற்ற நாளிலும் எல்லோருக்கும் பரிமாறி, அடுப்படி கழுவி, மதியம் மூன்று மணிக்குத்தான் தட்டில் கை வைப்பாள். காலை ஏழு மணிக்குப் போட்ட மாத்திரை அதுவரை உள்ளே என்ன செய்துகொண்டிருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அம்மா அடுப்படிச் சுவரோரம் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சில் கருப்பட்டித் துண்டு. எங்கள் பக்கம் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது ஏற்றும், நான் அதைப் படித்திருந்தேன். கையைப் பிடித்துப் பிடுங்கினேன். "விரதம்னு சொல்லிட்டு ஒளிச்சு வச்சு என்னத்தத் தின்ன?" என்றேன்.

"கை நடுங்குது தாயி. கண்ணு என்னமோ மாதிரி வருது" என்றாள்.

"சாக்குச் சொல்லாத."

கருப்பட்டியைப் புறவாசலில் எறிந்தேன். எறும்பு வரும் என்றுகூட அம்மா சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். நான் அண்ணனிடமும் அக்காவிடமும் இதை ஒரு சாதனையாகச் சொன்னேன். அம்மா ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்பது அதன்பிறகு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஆகிவிட்டது. மீட்டர் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அம்மா இறந்தாள், அது சிறுநீரகத்தால். அதற்கும் இந்த மதியத்துக்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை. அக்காளிடம் போன மாதம் கேட்டேன், அம்மா அந்தக் கருப்பட்டியை எப்போதெல்லாம் தின்பாள் என்று. "சோறு தின்னதும் தின்ன மாட்டா. வேல செஞ்சுக்கிட்டிருக்கும்போது திடீர்னு உக்காந்து தின்பா" என்றாள். அந்த முடிச்சு அம்மாவின் மருந்துப்பெட்டி. எந்த மருத்துவரும் சொல்லாமல் தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் "என்ன சாப்பிட்ட", "என்ன சாப்பிடுறீங்க" என்றுதான் கேட்டார்கள். தின்ன என்ற சொல்லை அவர்கள் யாரும் பயன்படுத்தவில்லை.

என் பையில் இப்போது குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. கடலை மிட்டாய்தான் வைத்திருந்தேன், 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கு. கடலையின் எண்ணெய்ச்சத்து சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், முதலில் குளுக்கோஸோ சீனியோ, கடலை மிட்டாய் பிறகு என்று அந்த மருத்துவர் மாற்றிவிட்டார். எண்கள் இன்னும் ஆடத்தான் செய்கின்றன. மாதவிடாய்க்கு முந்தைய நான்கு நாள் காரணமில்லாமல் 30, 40 ஏறும், வந்ததும் இறங்கும். காய்ச்சல் வந்தால் ஏறும். தேர்வு மேற்பார்வை நாட்களில் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வந்தால் ஏறும். (இருபத்தாறு பெண் ஆசிரியர்களுக்கு ஒரு கழிப்பறை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) ஒரு பட்டைக்கு ஏறக்குறைய 20 ரூபாய் ஆகிறது, தினமும் நான்கு முறை குத்திப் பார்ப்பது சம்பளம் வாங்குகிறவளுக்கே கணக்குப் பார்க்கிற விஷயம். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், ரத்தப்போக்கு நாட்களுக்கு. முதல் பக்கத்தில் எல்லா மாத்திரைகளின் பெயரும் நேரமும். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து வைக்கிறேன்.

போன மாதம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறைக்கு வந்தாள். வகுப்பில் நான் மயங்கி உட்கார்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். "எங்க அம்மாவுக்கும் சுகர்மா. ராத்திரி ஜாக்கெட் நனையுற அளவுக்கு வேர்க்குது. அந்த வயசு, அப்படித்தான் இருக்கும்னு ஆச்சி சொல்லுது" என்றாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வந்து சமைத்து எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சாப்பிடும்போது பத்தரை ஆகும். மாத்திரை? "அது எட்டு மணிக்கே போட்டுருவாங்க, மறந்துரும்னு." என்னிடம் பழைய மீட்டர் ஒன்று இருந்தது. பத்துப் பட்டைகளோடு கொடுத்து, எப்படிக் குத்த வேண்டும் என்று காட்டினேன். பகல் பன்னிரண்டுக்கும் ராத்திரி இரண்டுக்கும் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் இரண்டாவது பாடவேளையில் நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு 59. சீனி கொடுத்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு 221.

"அம்மா இப்ப எங்க?"

"வேலைக்குப் போய்ட்டாங்கம்மா. இருநூத்துக்கு மேல இருக்கேன்னு பயந்து காலையில சாப்பிடாமப் போய்ட்டாங்க."

"மாத்திரை?"

"அதப் போட்டாங்க."

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். ஆபீஸ் நம்பர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே என் போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.